ஷெல் ஸ்கிரிப்டை எந்த ஃபோல்டரிலிருந்தும் கட்டளையாக ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னதாக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியாகிவிட்டது (ஷெல் என்பது டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்; அதற்கான கட்டளைகளை எழுதிவைத்த ஃபைல்தான் ஸ்கிரிப்ட்). அது இருக்கும் ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் ஓடுகிறது. வேறு இடத்திலிருந்து பெயரைத் தட்டினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. டெர்மினல் கற்றுக்கொள்ளத் தொடங்கிய பலரும் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள். உண்மையில் இதற்குத் தேவையானவை மூன்றே: ஷெல் தேடும் இடத்தில் ஃபைல் இருக்க வேண்டும், ஓட்டும் அனுமதி இருக்க வேண்டும், எந்த மொழியில் எழுதியது என்று முதல் வரி சொல்ல வேண்டும். மூன்றில் எது குறைகிறது என்பதைப் பிழைச் செய்தியே காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படிக்கும் முன் ஒன்று. கட்டளைகளையும் ஃபைல் பாதைகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பாத், ஹோம் என்ற இரண்டு மாறிகளை மட்டும் பெரிய எழுத்துகளில். மாறி என்பது ஷெல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடம். பாதைகளில் வரும் ~ (அலைக்குறி) உங்கள் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்துக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு, போட்டோக்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ‘காப்பு’ என்ற ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம்.

அவசரமாக வேண்டும். சுருக்கமாக வழி சொல்லுங்களேன்?

உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மூன்று வரி போதும்:

எம்கேடிஐஆர் -பி ~/.லோக்கல்/பின்
எம்வி காப்பு.எஸ்எச் ~/.லோக்கல்/பின்/காப்பு
சிஎச்மாட் +எக்ஸ் ~/.லோக்கல்/பின்/காப்பு

கடைசி வரியில் உள்ள கட்டளை சி-எச்-எம்-ஓ-டி. அப்புறம் ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள். இனி எந்த ஃபோல்டரில் நின்றாலும் ‘காப்பு’ என்று தட்டினால் ஓடும். ஓடவில்லை என்றால் கீழே படியுங்கள்.

வேறு ஃபோல்டரில் நின்றால் ஏன் ஷெல்லுக்கு என் ஸ்கிரிப்ட் தெரிவதில்லை?

நீங்கள் வெறும் பெயரைத் தட்டும்போது ஷெல் டிஸ்க் முழுவதையும் அலசுவதில்லை. பாத் என்ற மாறியில் ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் நடுவே முக்காற்புள்ளி. அந்தப் பட்டியலை இடமிருந்து வலமாகப் பார்த்து, அந்தப் பெயரில் ஓட்டக்கூடிய ஃபைல் எங்கே முதலில் கிடைக்கிறதோ அதை ஓட்டுகிறது. கிடைக்காவிட்டால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி 127 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அனுமதி இல்லாததாலோ வேறு காரணத்தாலோ ஓட்ட முடியாத ஃபைல் என்றால் அந்த எண் 126. கட்டளை தோற்ற உடனே ‘எக்கோ $?’ என்று தட்டினால் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

உங்கள் பட்டியல் எப்படி இருக்கிறது என்று பார்க்க:

எக்கோ $பாத்

பெயருக்குள் சாய்கோடு ஒன்று இருந்தால் ஷெல் இந்தத் தேடலையே செய்யாது, நேராக அந்த இடத்துக்குப் போய்விடும். ‘./காப்பு’ என்று தட்டினால் ஓடுவது இதனால்தான்.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல்லிலேயே பாத் இருந்தது. இன்று பரவலாக உள்ள பேஷ் (பி-ஏ-எஸ்-எச்), இசட் ஷெல் என்ற ஷெல்கள் எல்லாமும் அதே முறையில்தான் தேடுகின்றன.

எந்த ஃபோல்டரில் வைப்பது நல்லது?

உங்களுக்கு மட்டும் என்றால் ~/.லோக்கல்/பின். கணினியில் உள்ள எல்லோருக்கும் என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். இதில் எழுத சூடோ (மற்ற கட்டளைகளை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) வேண்டும். முதல் சொல் யூ-எஸ்-ஆர், நடுவில் இ கிடையாது.

/யூஎஸ்ஆர்/பின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது பேக்கேஜ் மேலாளர் (மென்பொருளை நிறுவும், நீக்கும் நிரல்) ஆளும் இடம். நாளை அதே பெயரில் ஒரு பேக்கேஜ் வந்தால் உங்கள் ஃபைல் போய்விடலாம், அல்லது அந்த பேக்கேஜ் சிக்கலில் மாட்டலாம். சில இணையக் குறிப்புகள் ‘அங்கே போட்டால் உடனே ஓடும்’ என்று சொல்கின்றன. ஓடும்தான், ஆனாலும் அதைப் பின்பற்றாதீர்கள்.

சிலர் ஹோமுக்குள் புள்ளி இல்லாத ‘பின்’ ஃபோல்டர் வைத்துக்கொள்வார்கள். அதுவும் சரியே. இரண்டில் எதுவானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டுகள் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தால் ஆறு மாதம் கழித்து எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

பாத்தில் புது ஃபோல்டரை எப்படிச் சேர்ப்பது?

ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைலில் இந்த வரியைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும்:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"

எந்த ஃபைல் என்பதில்தான் குழப்பம். உபுண்டுவிலும் டெபியனிலும் ~/.புரொஃபைல் என்ற ஃபைல் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிறது: ~/பின், ~/.லோக்கல்/பின் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சேர்க்கும். ஆனால் லாக்இன் நேரத்தில் மட்டும்தான் பார்க்கும். ஃபோல்டரை இன்று உருவாக்கினால் இப்போது திறந்திருக்கும் டெர்மினலுக்கு அது தெரியாமல் போவதன் காரணம் இதுவே. இன்னொன்று, ~/.பேஷ்_புரொஃபைல் என்று ஒரு ஃபைல் இருந்தால் பேஷ் அதைப் படித்துவிட்டு ~/.புரொஃபைலைத் தொடாமலே விட்டுவிடும். ‘எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை’ என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஃபெடோராவில் ~/.பேஷ்ஆர்சி இதைச் செய்துவிடுகிறது. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் இசட் ஷெல்தான் இயல்பு ஷெல், ஆகவே ~/.இசட்எஸ்எச்ஆர்சி ஃபைலில் அந்த வரியைப் போடுங்கள். ஃபிஷ் ஷெல்லில் வரியே வேறு: ஃபிஷ்_ஆட்_பாத் என்ற கட்டளைக்கு ஃபோல்டரைக் கொடுத்தால் அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

மேலே உள்ள வரியில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. மேற்கோளுக்குள் அலைக்குறி போடாமல் $ஹோம் என்றே எழுதுங்கள். மேற்கோளுக்குள் இருக்கும் அலைக்குறியை ஷெல் ஹோமாக மாற்றாது. பேஷ் கட்டளை தேடும்போது எப்படியோ சமாளித்துவிடும், அதே பாத்தைப் பயன்படுத்தும் மற்ற நிரல்கள் சமாளிக்காது. மூன்றாவது, கடைசியில் உள்ள $பாத் கட்டாயம் வேண்டும். அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

பாத்தை மாற்றினேன். இப்போது ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கூட ஓடவில்லை. கணினி கெட்டுவிட்டதா?

இல்லை, பயப்பட வேண்டாம். பழைய பட்டியல் அழிந்து உங்கள் ஃபோல்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஷெல்லுக்கு வழிதான் தெரியவில்லை. இதே டெர்மினலில் தட்டுங்கள்:

எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யூஎஸ்ஆர்/பின்:/பின்

எக்ஸ்போர்ட் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, ஆகவே பாத் இல்லாமலும் ஓடும். இனி எடிட்டர் திறக்கும். தொடக்க ஃபைலில் உள்ள தவறான வரியைத் திருத்திவிடுங்கள்.

‘பெர்மிஷன் டினைட்’ என்று வருகிறதே?

‘சிஎச்மாட் +எக்ஸ் ஃபைல்பெயர்’. பெரும்பாலும் இதோடு முடிந்தது. எண்ணில் சொல்ல விரும்பினால் 755: உரிமையாளருக்குப் படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, ஆக 7, மற்றவர்களுக்குப் படிக்கவும் ஓட்டவும் 5. பல குறிப்புகளில் 777 என்று இருக்கும், தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் தினமும் ஓட்டும் ஃபைலை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பது அதன் பொருள்.

ஸ்கிரிப்டுக்கு ஓட்டும் அனுமதி மட்டும் போதாது, படிக்கும் அனுமதியும் வேண்டும். பேஷ் அதைத் திறந்து படித்துத்தான் ஓட்டுகிறது.

அனுமதி கொடுத்தும் அதே செய்தி வந்தால் ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபேட் வகையில் ஃபார்மேட் ஆன பென்டிரைவில் யூனிக்ஸ் அனுமதிகளைக் குறித்து வைக்கவே இடமில்லை, அங்கே சிஎச்மாட் பலிக்காது. ‘நோஎக்ஸெக்’ என்ற விதியோடு இணைக்கப்பட்ட டிஸ்க்கிலும் நேரடியாக ஓட்ட முடியாது. அலுவலகக் கணினிகளில் /டெம்ப் (டி-எம்-பி) ஃபோல்டரை அப்படிப் பூட்டி வைத்திருப்பார்கள். ஃபைலை ஹோமுக்கு நகர்த்துங்கள்.

முதல் வரியில் #! எதற்கு? அது இல்லாமலும் ஓடுகிறதே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒரு ஃபைலை ஓட்டச் சொன்னதும் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதன் முதல் பைட்டுகளைப் பார்க்கிறது. அவை # மற்றும் ! என்றால், அதே வரியில் அடுத்து எழுதியிருக்கும் நிரலை எழுப்பி, இந்த ஃபைலை அதன் கையில் கொடுக்கிறது. யூனிக்ஸ் கர்னலுக்குள் இந்த வசதியைக் கொண்டுவந்தவர் டென்னிஸ் ரிச்சி, 1980இல். அதற்கு முன் ஸ்கிரிப்டை ஓட்டுவது ஷெல்லின் பொறுப்பாக மட்டுமே இருந்தது.

அந்த வரி இல்லாவிட்டால் கர்னல் ‘இந்த வடிவம் எனக்குப் புரியவில்லை’ என்று கைவிரிக்கும். பேஷ் அதைக் கேட்டு, ‘சரி, நானே ஓட்டுகிறேன்’ என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் டெர்மினலில் பார்ப்பது இந்த இரண்டாவது முயற்சியின் வெற்றியைத்தான். அதே ஸ்கிரிப்டைப் பைத்தான் நிரலிலிருந்தோ, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாகவோ அழைத்துப் பாருங்கள். ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’ என்று நின்றுவிடும். எங்கிருந்து அழைத்தாலும் ஓட வேண்டும் என்றால் முதல் வரி கட்டாயம்:

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பேஷ்

என்வ் என்பது இ-என்-வி. இது பாத்தில் தேடி பேஷை எடுத்துவரும். நேராக /பின்/பேஷ் என்று எழுதினால் லினக்ஸ் பெரும்பாலானவற்றில் ஓடும், ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் பேஷ் இருக்கும் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின். மேக்கோடு வரும் பேஷ் இன்னும் 3.2 பதிப்பு, 2006ஆம் ஆண்டுக் காலத்தது. ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேலாளர் மூலம் புதியதை நிறுவியிருந்தால் அது வேறு ஃபோல்டரில் இருக்கும். என்வ் வழி போனால் புதியது கிடைக்கும்.

/பின்/எஸ்எச் என்று எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பு முதலே எஸ்எச் என்பது பேஷ் அல்ல, டாஷ். இரட்டைச் சதுர அடைப்பு, அரே போன்ற பேஷ் வசதிகள் அதில் கிடையாது. பேஷுக்கு எழுதிய ஸ்கிரிப்டை எஸ்எச் என்று சொல்லி ஓட்டினால் ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் புரியாத இடத்தில் விழும்.

‘என்வ் பேஷ் -இ’ என்று அதே வரியில் கூடுதலாக ஒன்றும் சேர்க்காதீர்கள். லினக்ஸ் ‘பேஷ் -இ’ முழுவதையும் ஒரே சொல்லாக என்விடம் தரும், அந்தப் பெயரில் நிரலே இருக்காது. இரண்டாவது வரியில் ‘செட் -இ’ என்று எழுதிக்கொள்ளலாம்.

ஃபைல் கண் முன்னே இருக்கிறது, ஆனால் ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்கிறது. எப்படி?

காணாமல் போனது உங்கள் ஃபைல் அல்ல. முதல் வரியில் சொன்ன நிரல். விண்டோஸ் எடிட்டரில் எழுதிய ஸ்கிரிப்டில் இது அடிக்கடி வரும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கிறது. கர்னலோ என்வோ தேடுவது பேஷ் அல்ல, பேஷும் அந்த எழுத்தும் சேர்ந்த ஒரு பெயர். பிழைச் செய்தியில் ‘பேஷ்\ஆர்’ என்றோ ‘^எம்’ என்றோ ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்றோ பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற சிறு நிரலை நிறுவி ஃபைலை அதற்குக் கொடுங்கள், சரியாகிவிடும். எடிட்டரில் வரி முடிவை ‘எல்எஃப்’ என்று மாற்றி வைத்தால் மறுபடி வராது.

பாத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்தால் எல்லாமே எளிதாகிவிடாதா?

புள்ளி என்றால் ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’. சேர்த்தால் ‘./’ தட்டும் வேலை மிச்சம். ஆனால் நீங்கள் இறக்கிய ஜிப் ஃபைலுக்குள் எல்எஸ் என்ற பெயரில் யாரோ ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தால்? அந்த ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் தட்டிய கணத்தில் உங்கள் அனுமதியோடு அது ஓடும். புள்ளியைப் பட்டியலின் கடைசியில் வைத்தாலும் தட்டச்சுப் பிழையாக அடிக்கும் பெயர்களில் கண்ணி வைக்கலாம். சேர்க்காதீர்கள்.

புள்ளி போடாமலே இதே ஆபத்து வரும் வழியும் உண்டு. பாத்தில் இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து வந்தாலோ, கடைசியில் ஒன்று தொங்கினாலோ, அந்த வெற்றிடத்தையும் ஷெல் ‘இப்போதைய ஃபோல்டர்’ என்றே எடுத்துக்கொள்ளும். எக்கோ செய்து பார்க்கும்போது இதையும் கவனியுங்கள்.

பெயரில் .எஸ்எச் வேண்டுமா?

வேண்டாம். கர்னல் பார்ப்பது முதல் வரியை, வாலை அல்ல. கட்டளையாகப் பயன்படுத்தும்போது வால் இல்லாமல் இருப்பதே நல்லது. நாளை அதையே பைத்தானில் மாற்றி எழுதினாலும் பெயர் மாறாது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘டைப் -ஏ பெயர்’ என்று தட்டிப் பாருங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். முதல் ஸ்கிரிப்டுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைப்பவர்கள் ஏராளம். டெஸ்ட் என்பது ஷெல்லுக்குள் இருக்கும் கட்டளை. பாத்தைப் பார்க்கும் முன்பே அது ஓடிவிடும். திரையில் ஒன்றும் வராது, பிழையும் வராது, ஸ்கிரிப்டில்தான் கோளாறு என்று மணிக்கணக்கில் தேடுவோம்.

தமிழிலேயே கட்டளைப் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. லினக்ஸில் ஃபைல் பெயர் என்பது வெறும் பைட்டுகள். சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் வரலாம். ‘காப்பு’ என்று தமிழ் எழுத்திலேயே சேமித்து, அப்படியே தட்டினால் ஓடும். பெயருக்கு 255 பைட் வரம்பு உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் 85 குறிகள் வரை போகலாம், கட்டளைக்கு அது தாராளம். பேஷ் மாறிகளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, ஆங்கிலக் குறிப்புகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. ‘தொகுப்பு’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகள் வேறு. ஒரு விசைப்பலகையில் பெயர் வைத்து இன்னொன்றில் தட்டினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வரக்கூடும். ஓகாரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான். ஆகவே தமிழ்ப் பெயருக்குக் காப்பு, எண்ணு, தேடு போல இந்த மூன்று குறிகளும் இல்லாத சொல்லாகத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்கிரிப்டுக்குள் சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை) செய்கிறேன். முடிந்ததும் பழைய ஃபோல்டரிலேயே நிற்கிறேனே?

அப்படித்தான் நிற்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடுவது தனி பிராசஸில். அது தன் ஃபோல்டரை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் மறைந்துவிடுகிறது. உங்கள் ஷெல்லை அதனால் நகர்த்த முடியாது. ஷெல்லின் நிலையையே மாற்ற வேண்டிய வேலைகளை, அதாவது சிடி, எக்ஸ்போர்ட் போன்றவற்றை, ~/.பேஷ்ஆர்சி ஃபைலில் ஃபங்ஷனாக, அதாவது ஷெல்லுக்குள்ளேயே ஓடும், பெயரிட்ட கட்டளைத் தொகுப்பாக, எழுதுங்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஃபங்ஷனாக, ஏலியஸாக வைத்துக்கொள்ளலாமே?

ஒரு வரிச் சுருக்கத்துக்கு ஏலியஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) போதும். ஆனால் ஏலியஸும் ஃபங்ஷனும் உங்கள் ஷெல்லுக்குள் மட்டுமே வாழ்பவை. எடிட்டரிலிருந்தோ, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானிலிருந்தோ, இன்னொரு ஸ்கிரிப்டிலிருந்தோ பொதுவாக அழைக்க முடியாது. பாத்தில் இருக்கும் ஸ்கிரிப்டை எல்லோரும் அழைக்கலாம். பத்து வரி தாண்டினால் தனி ஃபைலாக்கிவிடுவது என் வழக்கம்.

ஸ்கிரிப்ட் தன் பக்கத்தில் உள்ள ஃபைலைப் படிக்கிறது. வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டினால் காணவில்லை என்கிறதே?

‘./பட்டியல்’ என்று எழுதியிருப்பீர்கள். அந்தப் புள்ளி ஸ்கிரிப்ட் இருக்கும் இடமல்ல, நீங்கள் நிற்கும் இடம். ஸ்கிரிப்டின் சொந்த இடத்தைக் கண்டுபிடிக்க:

டிஐஆர்="$(டிஐஆர்நேம் "$(ரீட்லிங்க் -எஃப் "$0")")"

பிறகு "$டிஐஆர்/பட்டியல்" என்று அழையுங்கள். ரீட்லிங்க் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. பலர் ஸ்கிரிப்டை வேறு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, பாத்தில் ஒரு இணைப்பை மட்டும் போடுவார்கள். நல்ல முறைதான்: முழு ஃபோல்டரும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (ஜி-ஐ-டி) நிரலின் கவனிப்பில் இருக்கும், ~/.லோக்கல்/பின்னில் இணைப்பு மட்டும். ரீட்லிங்க் அந்த இணைப்பைத் தொடர்ந்து போய் உண்மையான இடத்தைச் சொல்லும். இணைப்பை ‘எல்என் -எஸ்’ கொண்டு உருவாக்கும்போது முழுப் பாதையைக் கொடுங்கள். அரைகுறைப் பாதை கொடுத்தால் இணைப்பு எங்கேயும் போய்ச் சேராது.

பயனர் கொடுக்கும் ஃபைல் பெயர்களை ஸ்கிரிப்டுக்குள் "$@" என்று மேற்கோளோடு எழுதுங்கள். மேற்கோள் விட்டுப்போனால் ‘ஊர் திருவிழா.ஜேபிஜி’ இரண்டு ஃபைலாக உடையும்.

எனக்கு ஓடுகிறது. சூடோவோடும் கிரானிலும் ஓடவில்லையே?

இரண்டுமே உங்கள் பாத்தைப் பயன்படுத்துவதில்லை. சூடோவின் அமைப்பு ஃபைலில் ‘செக்யூர்_பாத்’ என்று தனிப் பட்டியல் இருக்கிறது, உங்கள் ஹோம் ஃபோல்டர் அதில் வராது. யாரோ உங்கள் ஹோமில் நுழைத்த ஸ்கிரிப்ட் ரூட் (நிர்வாகி) அதிகாரத்தோடு ஓடிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, அதைத் தளர்த்த வேண்டாம். நிர்வாக வேலைக்கான ஸ்கிரிப்டை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில், ரூட்டுக்குச் சொந்தமாக வையுங்கள். ரெட் ஹேட் வகை லினக்ஸ் சிலவற்றில் அந்த ஃபோல்டரும் செக்யூர்_பாத்தில் இருக்காது. அப்போது முழுப் பாதையைத் தட்டுங்கள்.

கிரானில் பல கணினிகளில் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டுமே பாத். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் வரியில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் உங்கள் சொந்தக் கட்டளைகள் வேறு எதையாவது அழைத்தால், கிரான்டேபின் மேலே பாத் வரி ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

ஸ்கிரிப்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். ஷெல் இன்னும் பழைய இடத்திலேயே தேடுகிறது.

பேஷ் ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் தேடாமல் இருக்க. ‘ஹாஷ் -ஆர்’ தட்டினால் அந்த நினைவு அழியும். இசட் ஷெல்லில் ‘ரீஹாஷ்’. புது டெர்மினல் திறந்தாலும் போதும்.